பாடும் பாட்டும்

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். நூலகம் அமைதியான இடம், அங்கே வேலை செய்கிறவர்களுக்குள் போட்டி பொறாமை எல்லாம் இருக்காது என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால், அதை இப்போதே மறந்துவிடுங்கள். அலமாரிகளுக்கு நடுவில் நான் பட்ட வயிற்றெரிச்சலை மீன் ஏலக் கூடத்தில்கூட யாரும் பட்டிருக்க மாட்டார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், "உங்கள் சாதனைகளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். சாதனையை எல்லாம் ஓய்வுபெறும் நாளில் மாலை போட்டு அவர்களே சொல்லிவிட்டார்கள். நான் என் பொறாமையைப் பற்றிச் சொல்கிறேன். வேலைக்கு அதுதான் உதவும்.

எழுபதுகளில் நடந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாகக் கல் போய்க்கொண்டிருந்த காலம். கடற்கரைத் தெரு ஒன்றில் எங்கள் கிளை நூலகம் இருந்தது. முன்கூடத்தில் பெரியவர்கள் பேப்பர் படிப்பார்கள். பின்னால் ஒரு சின்ன அறை. உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த அந்த அறையைக் கழுவித் துடைத்துப் பிள்ளைகள் அறை ஆக்கியது நான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிறகு ஊரில் ஒருவருக்கும் அது நினைவில்லை.

கோடை விடுமுறையில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கையெழுத்துப் பத்திரிகை செய்யலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். ஒரு தாள், ஒரு வெட்டு, எட்டுப் பக்கம். தாளை மூன்று முறை மடித்து, பிரித்து, நடுவில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி, மறுபடி மடித்தால் உள்ளங்கை அளவுக்கு ஒரு புத்தகம் கையில் நிற்கும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அதில் எழுதுவது, படம் போடுவது, பேர் வைப்பது எல்லாம் அந்தந்தப் பிள்ளைதான். கப்பல் ஏஜெண்ட் ஆபீசுகளில் படியேறிப் பல்லைக் காட்டி, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய தாள்களை வாங்கி வந்தேன். எட்டுப் பக்கத்தையும் பிரித்துத் திருப்பினால் பின்னால் ஏதாவது ஒரு சரக்குக் கப்பலின் பேர் இருக்கும்.

முதல் வாரம் அமோகமாகப் போயிற்று. நான்தான் ராணி. "அக்கா, அக்கா" என்று என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வாரத்தோடு என் ராஜ்யம் முடிந்தது. விளாத்திகுளத்திலிருந்து மகேஸ்வரி மாற்றலாகி வந்தாள்.

மகேஸ்வரிக்கு என்னைவிட வயதும் அனுபவமும் குறைவு. கரிசல் காட்டுப் பெண். கடலைப் பார்த்ததே இங்கே வந்துதான். முதல் நாள் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, "அக்கா, இம்புட்டுத் தண்ணி கெடக்கே, ஒரு வாய் குடிக்க முடியாதாமே!" என்று அங்கலாய்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாவம், வெள்ளந்தி என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் கையில் பென்சிலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று.

காகம் என்றால் காகம். மாதா கோயில் என்றால் மாதா கோயில். ஒரு பிள்ளை கேட்டு முடிக்குமுன் படம் தாளில் உட்கார்ந்திருக்கும். எழுத்தோ, அச்சுக் கோத்த மாதிரி. பிள்ளைகள் அவளை ஈ மொய்ப்பதுபோல் மொய்த்துக்கொண்டார்கள். நான் மடித்துக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவளிடம் ஓடினார்கள். நான் தாள் மடிக்கிற ஆள் ஆகிவிட்டேன்.

எனக்கு வயிறு எரிந்தது. அழகாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. நான் கீழவைப்பார்க் கடற்கரையில் பிறந்தவள். இந்தப் பிள்ளைகளின் அப்பன் ஆத்தாளை எனக்குத் தெரியும். எந்தக் காற்று அடித்தால் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரியும். என் கரைப் பிள்ளைகள், என் அறை, என் கத்தரிக்கோல். நேற்று வந்தவளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே! ஒரு நாள் கடைத் தெருவில் முந்திரியும் சீனியும் போட்ட மக்ரூன் வாங்கிக்கொண்டு போனேன். இப்படியாவது இழுக்கலாம் என்றுதான். பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவளுக்கும் ஒன்று கொண்டுபோய் ஊட்டிவிட்டார்கள். மகேஸ்வரி கன்னம் உப்ப என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. இவ்வளவு சின்ன நூலகத்தில் இரண்டு பேர் இருப்பது அதிகம், ஒருவரை விளாத்திகுளத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று. விடுமுறை முடிவில் பிள்ளைகளின் பத்திரிகைகளை வைத்து ஒரு விழா. அதற்கு மாவட்ட ஆபீசர் வருவார். பார்த்துவிட்டு யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார். பிள்ளைகள் அறை யார் கையில் இருக்கப்போகிறது என்பதுதான் கேள்வி. விளாத்திகுளம் மகேஸ்வரியின் சொந்த ஊர். அவளை அனுப்பினால் அவள் அம்மா கையால் சோறு. என்னை அனுப்பினால் எனக்கு என்ன இருக்கிறது அங்கே? நியாயம் என் பக்கம்தான் என்று நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகளில் பிலோமி என்று ஒருத்தி. இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவரின் மகள். வாயே திறக்க மாட்டாள். எழுத்தில் வல்லின ஒற்று எல்லாம் காற்றோடு போய்விடும். பூனைக்குட்டியைப் 'பூனைகுடி' என்று எழுதுவாள். ஆனால் அவள் புத்தகத்தைத்தான் விழாவில் வாசிக்கத் தேர்ந்தெடுத்திருப்பதாக மகேஸ்வரி வந்து சொன்னாள். பிலோமி பென்சிலில் கிறுக்கியதைத் தான் திருத்தி, மையில் அழகாக எழுதி, படத்தையும் சரிசெய்திருப்பதாகச் சொல்லி, "பாருங்கக்கா" என்று நீட்டினாள்.

"ஒனக்குப் பிடிச்சிருந்தாச் சரிதான்," என்று சொல்லிவிட்டு நான் தாள் மடிப்பதைத் தொடர்ந்தேன். அவளுடைய அழகெழுத்தை இன்னொரு தடவை பார்த்து வயிறெரிய எனக்குத் தெம்பில்லை. அதனால் அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று விழா நாள்வரை எனக்குத் தெரியாது.

விழா சாயங்காலம். முன்கூடத்தில் மேசைகளைத் தள்ளிவிட்டு இடம் பண்ணியிருந்தோம். சுவர் நெடுக நூல் கட்டி, பிள்ளைகளின் குட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தோம். முன்னால் ஆபீசர். பின்னால் தாய் தகப்பன்மார், கூட்டமாக. பிலோமியின் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசல் பக்கம் கூச்சத்தோடு நின்றார். அவர் நூலகத்துக்குள் காலடி வைத்தது அன்றுதான்.

பிலோமியை முன்னால் நிறுத்தினார்கள். மகேஸ்வரி ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் கூட்டத்துக்குக் காட்ட, பிலோமி வாசித்தாள். அட்டையில் 'எங்க அப்பா'. அடுத்த பக்கம், "அப்பா கடலுக்குப் போவாரு." வள்ளமும் பாயும் படம், அசல் மாதிரி. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "நான் கரையில நிப்பேன்." மணலில் ஒரு சின்னப் பெண். ஆபீசர் தலையாட்டினார்.

அடுத்த பக்கத்தில் ஒரு ரேடியோ. திருகு, கம்பி வலை எல்லாம் வைத்து வரைந்திருந்தாள் மகேஸ்வரி. கீழே கொட்டை எழுத்தில், 'இன்னைக்குப் பாட்டு இல்ல' என்று இருந்தது.

பிலோமி அதைப் பார்த்தாள். பிறகு, "இன்னைக்குப் பாடு இல்ல," என்றாள்.

"பாட்டு, பிலோமி," என்று மகேஸ்வரி குனிந்து எடுத்துக்கொடுத்தாள்.

"பாடு இல்ல."

ஆபீசர் சிரித்தார். "பாட்டுன்னு எவ்வளவு அழகா எழுதியிருக்கு, பாத்துப் படிம்மா."

வாசலிலிருந்து பிலோமியின் அப்பா, கூச்சத்தை மீறிக் குரல் கொடுத்தார். "ஏளா, நம்ம வீட்டுல ரேடியோ ஏதுளா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ ஒருவர், "அண்ணாச்சி ரகசியமா வாங்கி ஒளிச்சு வச்சிருக்காரு போல!" என்றார். இன்னொரு சிரிப்பு. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. மகள் தன்னைப் பார்த்துச் சபையே சிரிக்கும்படி செய்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். ஆபீசர் எங்கள் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "இல்லாததை எல்லாம் எழுதுறதுக்கா பழக்குறீங்க?" என்றார். பிலோமியின் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. அவள் பொய் சொன்னவள் ஆகிவிட்டாள், அவள் எழுதாத ஒன்றுக்காக.

எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் கரையில் 'பாடு' என்றால் மீன்பாடு. வலையில் என்ன விழுந்தது என்பது. கடலிலிருந்து வருகிறவனைப் பார்த்து, "பாடு எப்படி?" என்றுதான் முதல் கேள்வி. பாடு இல்லை என்றால் அன்றைக்கு மீன் இல்லை, காசு இல்லை, வீட்டில் பேச்சு இல்லை. விளாத்திகுளத்துக்காரிக்கு அது தெரியாது. ஒற்று விட்டு எழுதுகிற பிள்ளை, 'பாட்டு' என்பதைத்தான் 'பாடு' என்று எழுதிவிட்டது என்று நினைத்து, இரக்கப்பட்டு ஒரு எழுத்தைத் திருத்தியிருக்கிறாள். கூடவே ஒரு ரேடியோவையும் வரைந்துவிட்டாள்.

உள்ளதைச் சொல்கிறேன். பிலோமியின் உதடு நடுங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. அதே சமயம் எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில், ஒரே நேரத்தில். அப்படி வரும், பயப்படாதீர்கள். எழுந்து நின்றேன்.

"சார், பிள்ளை சரியாத்தான் படிக்கா. அவ எழுதுனது பாடு. மீன்பாடு. அப்பாவுக்கு இன்னைக்கு மீன் கெடைக்கலன்னு எழுதியிருக்கா. பொய் ஒண்ணும் எழுதல." அதோடு உட்கார்ந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. "கரையில பேசுற பேச்சுத் தெரியாதவங்க கரைப் பிள்ளைக்குத் திருத்தம் போட்டா இப்படித்தான் சார் ஆகும்."

பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமா, பாடு இல்லன்னுல்லா சொல்லுது பிள்ள," என்று ஒரு அம்மா கன்னத்தில் கை வைத்தாள். ஆபீசரின் முகம் மாறியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மகேஸ்வரியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இனி அவள் வெளியே ஓடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

ஓடவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தவள், அப்படியே தரையில் பிலோமிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பிலோமி, எனக்குத் தெரியாமப் போச்சு. உன் எழுத்த நான் தப்பா மாத்திட்டேன். ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

பிலோமி அந்த ரேடியோ படத்தையே பார்த்தாள்.

"சரி, இப்பச் சொல்லு. நீ ஒரு பெட்டி மாதிரி போட்டிருந்தியே, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு. அது ரேடியோ இல்லியா?"

"இல்லக்கா." அந்தக் குரலை அவ்வளவு பேர் கேட்டது அன்றுதான். "எங்கம்மா மீன் விக்கக் கொண்டுபோற ஓலப்பெட்டி. வெறும் பெட்டி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரேடியோ முழுக்க மகேஸ்வரியின் கைச்சரக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெறும் பெட்டியைப் பிள்ளை வரைந்திருந்தாள் என்பது கரையில் பிறந்த எனக்கும் தெரியாது. நான் கேட்டால்தானே தெரியும்?

மகேஸ்வரி அந்த அழகான புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு புதுத் தாளை எடுத்து மடித்தாள். நடுவில் வெட்ட வேண்டிய இடத்தில் தடுமாறி, என் பக்கம் நிமிர்ந்து, "அக்கா, இதை நீங்க வெட்டிக் குடுங்க," என்றாள். போய் வெட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? பென்சிலைப் பிலோமி கையில் கொடுத்தாள். "நீயே எழுது. நீயே படம் போடு. நாங்க எல்லாரும் இருக்கோம்."

அத்தனை கூட்டமும் காத்திருந்தது. ஆபீசர் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். பிலோமி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். 'இன்னைகு பாடு இல்ல.' வர வேண்டிய ஒற்று வரவில்லை, ஒருவரும் திருத்தவும் இல்லை. கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட ஒரு பெட்டி. 'அம்மா பேசல.' 'நானும் பேசல.' கடைசிப் பக்கத்தில், 'நாளைகு பாடு இருகும்.' அதிலும் ஒரு பெட்டி போட ஆரம்பித்தாள்.

அவள் அப்பா எப்போது முன்னால் வந்தார் என்று தெரியவில்லை. மகளின் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து அவருக்கு வராது. பெட்டி தெரிந்தது.

"ஏளா, அந்தப் பெட்டியக் கொஞ்சம் பெருசாப் போடு," என்றார். "நாளைக்குப் பாடு கெடைச்சா கொள்ளணும்லா?"

அப்போது கூட்டம் சிரித்த சிரிப்பு வேறு. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அந்த அப்பா மகேஸ்வரியைப் பார்த்துக் கை கூப்பினார். அம்மாமார்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். தப்பைச் செய்தவள் அவள், கண்டுபிடித்தவள் நான். கைதட்டு அவளுக்கு. கத்தரிக்கோலோடு ஒரு ஓரமாக நின்றேன். என் வாழ்நாளில் அப்படிப் பொறாமைப்பட்டதே இல்லை.

ஆபீசர் போகும்போது என்னிடம், "நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா. இல்லேன்னா அந்தப் பிள்ளை மனசு ஒடிஞ்சிருக்கும்," என்றார். மூச்சு விட்டுக்கொண்டு, "அந்தப் பொண்ணு பிள்ளைங்கட்ட என்னமாப் பேசுது!" என்றார். முதல் வாக்கியத்தோடு அவர் ஜீப்பில் ஏறியிருக்கக் கூடாதா?

ஆர்டர் வந்தது. விளாத்திகுளத்துக்கு நான். என் கரையில் அவள், அவள் காட்டில் நான். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தான் போய்விடுகிறேன், மாற்றிக் கேட்கலாம் என்று அழுதாள். "ஒண்ணும் வேண்டாம், போ," என்றேன். அவள் அழுதது உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிளம்புகிற அன்று நூலகத்துக்குச் சாவி கொடுக்கப் போனேன். படியில் பிலோமி உட்கார்ந்திருந்தாள், எப்போது திறப்பார்கள் என்று. கையில் இருந்த மக்ரூன் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"ஏளா, உள்ளதச் சொல்லு. ஒனக்கு எந்த அக்காவ ரொம்பப் பிடிக்கும்?"

"மகேசு அக்காவ," என்றாள், யோசிக்காமல்.

"அவதான ஒன் எழுத்தத் தப்பா மாத்துனா? நான்தான ஒனக்காகப் பேசுனேன்?"

வாயில் இருந்த மக்ரூனைக் கரையவிட்டு விழுங்கினாள். பிறகு, கணக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "நீங்க சார்ட்ட சொன்னிய. அந்தக்கா எங்கிட்ட கேட்டாவ."

சாவியை அவள் கையிலேயே கொடுத்து, மகேஸ்வரி வந்ததும் கொடுக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

விளாத்திகுளத்திலும் பிள்ளைகளுக்குத் தாள் மடித்துக் கொடுத்தேன். அங்கே எனக்குத் தெரியாத வார்த்தைகள் ஏராளம். சிவப்புப் பென்சிலை எடுக்கும்போதெல்லாம் பிலோமியின் குரல் கேட்கும். பென்சிலை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, "இது என்னதுளா, சொல்லு," என்பேன். பிள்ளைகள் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் மகேஸ்வரி ஞாபகம் வரும். காலப்போக்கில் என் பொறாமை ஆறிவிட்டது என்று சொல்லி உங்களை அனுப்பிவைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆறவில்லை. முதலில் அவள் அழகெழுத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அது மட்டும் போய்விட்டது. நான் நின்றுகொண்டிருந்த அந்தக் கூடத்தில், அவள் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்தாளே, அதற்காக இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.